நூற்று எழுபத்தெட்டு

பண்ணைப் பாலத்தில் காலை ஐந்து நாற்பது.
சோளகம் முகத்தில் அறைகிறது.
கைக்கடிகாரம் சொல்கிறது: நூற்று எழுபத்தெட்டு.

உண்மையில் நான் ஓடவில்லை.
ஓட்டம் என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு.
மண்டைதீவுப் பக்கம் போகும் மீன்காரர்
பெட்டி கட்டிய சைக்கிளில், அவசரமேயில்லாமல்,
என்னை முந்திப் போகிறார்.
போனபிறகு திரும்பியும் பார்க்கிறார்.

இருநூற்று இருபதில் வயதைக் கழிக்கச் சொல்கிறார்கள்.
நாற்பத்தேழு போனால் நூற்று எழுபத்து மூன்று.
அப்படியென்றால்
எனக்கென்று அளந்து தந்ததைவிட
நிமிடத்துக்கு ஐந்து துடிப்பு
கூடச் செலவழிக்கிறேன்.
கூட்டுறவு வங்கியில் இருபத்திரண்டு வருடமாகக்
கணக்கு முடிக்கிறவள் நான்.
ஐந்து சதம் உதைத்தாலும் வீட்டுக்குப் போகாதவள்.

கந்தோரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.
நிரோஜினிக்கு அது தேத்தண்ணி.
மனேச்சர் அருட்பிரகாசத்துக்கு அது
வயதுபோன நேரத்தில் ஓட வெளிக்கிட்டது.
உளவியல் படித்த மச்சாள்
குரலைத் தணித்துக் கேட்டாள்:
"கோட்டைப் பக்கம் வரேக்கை கூடுதோ?
உடம்பு ஒண்டையும் மறக்காது."
கூடுவது உண்மைதான்.
அங்கே ஒரு செவலை நாய் நிற்கிறது.
பழையதுக்கு என் நெஞ்சில் வேறு நேரம் உண்டு.
நான் அசையாமல் கிடக்கும்போதுதான் அது அடிக்கும்.

ஒருநாள் பாலக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
தாடைக்குக் கீழே, கழுத்தோரம், இரண்டு விரல்.
பதினைந்து செக்கனில் முப்பத்தொன்பது.
நாலால் பெருக்கினால் நூற்று ஐம்பத்தாறு.
கடிகாரம் இன்னும் பழைய எண்ணிலேயே பிடிவாதமாய்.

பிறகு ஒரு சந்தேகம் வந்து
காலடிகளை எண்ணினேன்,
ஒரு முழு நிமிடம், வாய்விட்டு,
காரைநகர் பஸ் சனமெல்லாம் பார்க்க.
நூற்று எழுபத்தெட்டு.

அடப்பாவி.
தளர்ந்த வாருக்குள் கிடந்து ஆடி ஆடி
நெஞ்சை விட்டுவிட்டுச்
சப்பாத்தை எண்ணியிருக்கிறது.

சிரித்தேன். வாரை ஒரு துளை இறுக்கினேன்.
ஆனாலும் கணக்கு முடியவில்லை.
நூற்று ஐம்பத்தாறும்
மீன்காரர் முந்துகிற வேகத்துக்கு மிக அதிகம்.

பெரியாஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. ஒழுங்காய் வந்தது,
நாவற்குழி வெளியின் மின்கம்பங்கள் போல
ஒரே இடைவெளியில்.
டொக்டர் யசோமதி அதை ஒருதரம் பார்த்து வைத்துவிட்டு
என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
"மாதம் எத்தினை நாள் போகுது?"

மேசையில் இருந்த கோப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்,
பதினொன்று.
ஒன்றரை வருடமாக ஒருவரிடமும் சொல்லாத எண்.
இந்த வயதில் இப்படித்தான் என்று
நானே எழுதி, நானே ஒப்பமிட்டு,
மூடிவைத்த கணக்கு.

ஹீமோகுளோபின் எட்டு தசம் ஒன்பது.

"குறிகட்டுவான் படகை யோசியுங்கோ," என்றார்.
"கரையில சனம் அதேயளவு நிக்குது.
படகில இருக்கை பாதிதான்.
அப்ப என்ன செய்யும்? கூடத்தரம் ஓடும்.
படகுக்காரனிலை பிழையில்லை."

படகுக்காரனில் பிழையில்லை.
அதை எழுதித் தாருங்கள் என்று கேட்க வாய் வந்தது.
துண்டில் இரும்புக் குளிசை என்றுதான் இருந்தது,
பெண்நோயியல் பிரிவுக்கு ஒரு கடிதமும்.
குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்கக் கூடாதாம்.
நிரோஜினி பாதி வென்றுவிட்டாள்.

இப்போது நடை மட்டும்.
வாடை தொடங்கிவிட்டது, முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது.
களங்கண்டித் தடிகளில் நீர்க்காகங்கள்
செட்டையை விரித்துக் காயவைக்கின்றன.
கடிகாரத்தை வீட்டில் விட்டுவரவில்லை,
அதன்மேல் கோபமில்லை.
ஆனால் கோட்டை முடிவில் ஒருதரம்
கழுத்தில் விரல் வைக்கிறேன்.
அந்த நாய் இப்போது குரைப்பதில்லை.

மீன்காரர் இன்று பிரேக் பிடித்தார்.
"என்ன, ஓட்டத்தை விட்டாச்சோ?"
"இல்லை," என்றேன்,
"படகுக்கு இருக்கை போடுறம்."
அவருக்கு விளங்கவில்லை.
பெட்டி மூடியை ஒருக்கால் அமத்திப் பார்த்துவிட்டு
மிதித்துக்கொண்டு போனார்.